கடைசிப் பத்தி

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று போன மாதம் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கினோம். பித்தளை அண்டா, அம்மாவின் தையல் மிஷின் மூடி, அப்பாவின் டிரங்குப் பெட்டி. பெட்டியின் அடியில் 1996-ஆம் வருடத்துக் கல்லூரி ஆண்டு மலர் இருந்தது. வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. மெதுவாக ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டே நான் தேடிப் போனது ஒரே ஒரு பக்கத்தைத்தான்.

அப்போது நான் பி.ஏ. இரண்டாம் வருடம். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம், பாலாற்றை ஒட்டிய எத்தனையோ கல்லூரிகளில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலருக்கு முன்னட்டை இரண்டு. இந்தப் பக்கம் திறந்தால் ஆங்கிலமும் தமிழும், அப்படியே திருப்பிப் போட்டுத் திறந்தால் உருது. வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் வரும் எழுத்துகள் நடுவில் ஓர் இடத்தில் வந்து முட்டும் இல்லையா, அந்த இடத்தில்தான் விளையாட்டு அணிகளின் போட்டோக்கள் இருக்கும். என் கதை தமிழ்ப் பகுதியின் கடைசியில், அந்த போட்டோக்களுக்கு முந்தின பக்கத்தில் இருந்தது.

பாலாற்று மணலில் தாத்தா ஊற்று தோண்டுகிற கதை. அதை மூன்று மாதம் எழுதினேன். ஊற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது கடைசிப் பத்தியில்தான் வரும். மலர் கைக்கு வந்த அன்று திறந்து பார்த்தால் தாத்தா மண்வெட்டியை ஓங்கியபடி நிற்கிறார், அதோடு கதை முடிந்துவிட்டது. கீழே அரைப் பக்கத்துக்கு கோ-கோ அணியின் படம். பொறுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லாத்தானேப்பா இருக்கு, கதை புரியுதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

வெட்டியதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அதை யாரும் படிக்கவே இல்லை என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துபோனது, அதுதான் வலித்தது. பொறுப்பாசிரியர் படிக்கவில்லை. அச்சுக் கோத்தவர் படித்திருப்பார், ஆனால் அவருக்கு அது இத்தனை வரி, அவ்வளவுதான். ஆயிரத்துச் சொச்சம் பிரதி அச்சாகி, ஒவ்வொரு மாணவன் கையிலும் போய்ச் சேர்ந்த ஒரு கதைக்கு வாசகர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஃபீஸ் கட்டிய ரசீதில் 'மேகசின்' என்று ஒரு வரி உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணத்தில்தான் இது நடந்தது. நம் பணத்தில் நம் எழுத்தை அச்சடித்து நம் கையில் கொடுத்துவிடுவார்கள், இடையில் படிப்பது என்ற ஒரு வேலை மட்டும் நடக்காது.

அடுத்த வருடம் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் எங்களில் மூன்று பேரைக் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனார். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்க நூலகம். அங்கே காலாண்டிதழ்கள் அடுக்கியிருந்த தட்டில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். படமே இல்லை. முதல்வர் வாழ்த்துரை இல்லை. கதை, கவிதை, கட்டுரை, மறுபடியும் கதை. இதை ஒரு கல்லூரி நடத்துகிறது என்று சார் சொன்னபோது நம்ப முடியவில்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: படைப்புகளை அனுப்புகிறவர்கள் தங்கள் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நம்மூர் வார இதழ்களும் அப்படிக் கேட்டதுண்டு, அதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் ஒரு கல்லூரி, தன்னிடம் படிக்காத, தான் பார்த்தே இராத ஒருவரின் கதையை வாங்கிப் படித்துப் பதில் எழுதுகிறது என்பது எனக்குப் புதிது. ரயிலில் திரும்பும்போது அரக்கோணம் தாண்டும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

அதற்கப்புறம் இந்த இதழ்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், இன்னமும் படிக்கிறேன். 'செவானி ரிவ்யூ' 1892-இல் தொடங்கியது, இன்றும் வருகிறது. 'கென்யன் ரிவ்யூ' 1939-இல் ஜான் குரோ ரான்சம் என்ற கவிஞர் தொடங்கியது. அதை நடத்தும் கென்யன் கல்லூரி இருப்பது ஒஹையோ மாநிலத்தில் காம்பியர் என்ற சிற்றூரில். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. நியூயார்க்கில் பதிப்பகங்கள் இருக்கின்றன, பணம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஆனால் அமெரிக்க இலக்கிய விமரிசனத்தின் போக்கையே மாற்றிய ஒரு இதழ் வந்தது ஒரு கிராமத்துக் கல்லூரியிலிருந்து. லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்துப் பல்கலைக்கழகம் 1935-இல் 'சதர்ன் ரிவ்யூ'வைத் தொடங்கியது. யூடோரா வெல்டி என்ற எழுத்தாளரின் ஆரம்பகாலக் கதைகள் பல அதில்தான் வந்தன. போர்க்காலத்தில், 1942-இல், நிறுத்திவிட்டார்கள். 1965-இல் மறுபடி தொடங்கினார்கள்.

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரின் முதல் கதை வந்த இதழ் 'ஆக்சென்ட்'. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தியது. 1946-ஆம் வருடம், அவருக்கு 21 வயது, அயோவாவில் படித்துக்கொண்டிருந்த மாணவி. வேறொரு பல்கலைக்கழகத்துப் பெண்ணின் கதையை இவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஆண்டு மலர்களில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் அதில் எழுத முதல் தகுதி அந்தக் கல்லூரியின் அடையாள அட்டை.

பதிப்புத் துறையில் இந்த இதழ்களுக்கு என்ன இடம் என்று கேட்டால், விற்பனையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சில ஆயிரம் பிரதி விற்றாலே பெரிய விஷயம், பல இதழ்கள் சில நூறோடு நின்றுவிடும். எழுதியவருக்குப் பணம் என்பது பல இடங்களில் இரண்டு பிரதி இலவசம், அவ்வளவே. ஆனால் வேலை நடக்கிற விதத்தைப் பாருங்கள். தபாலிலும் இப்போது இணையத்திலும் வந்து குவிகிற கையெழுத்துப் பிரதிகளை முதலில் படிப்பவர்கள் முதுகலை மாணவர்கள். அவர்கள் கழித்தது போக மிச்சத்தை உதவி ஆசிரியர்கள் படிப்பார்கள், அதிலும் தேறியதை ஆசிரியர் படிப்பார், நூறு வந்தால் ஒன்றோ இரண்டோ அச்சாகும். அங்கிருந்து கதைகள் மேலே போகின்றன. வருடத்தின் சிறந்த அமெரிக்கச் சிறுகதைகள் என்று 1915 முதல் ஒரு தொகுப்பு வந்துகொண்டிருக்கிறது, 1976 முதல் சிற்றிதழ்களுக்கென்றே 'புஷ்கார்ட்' என்ற பரிசுத் தொகுப்பும் வருகிறது. இவற்றைத் தொகுப்பவர்கள் இந்தப் பல்கலைக்கழக இதழ்களை வரி விடாமல் பார்க்கிறார்கள். எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகங்களோடு பேசுகிற முகவர்களும் பார்க்கிறார்கள். ஒரு கதையைப் படித்துவிட்டு "நாவல் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டு ஒரு கடிதம் வரும். அப்படித்தான் பலருடைய முதல் புத்தகம் ஆரம்பித்திருக்கிறது. பெரிய பதிப்பகங்களுக்கு ஆயிரம் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்க ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. அந்தப் பொறுமைக்கான செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது: ஓர் அறை, ஓர் ஆசிரியரின் சம்பளம், படிக்கிற வயதில் உள்ள பத்துப் பிள்ளைகளின் நேரம்.

இங்கிலாந்தில் 'கிராண்டா' என்று ஒன்று. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1889-இல் தொடங்கியது. அந்த ஊரில் ஓடுகிற ஆற்றுக்கு இன்னொரு பெயர் கிராண்டா, அதைத்தான் வைத்தார்கள். கவிஞர்கள் சில்வியா பிளாத், டெட் ஹியூஸ் எல்லாம் மாணவர்களாக அதில் எழுதியவர்கள். எழுபதுகளில் நொடித்துப்போய்க் கிடந்ததை 1979-இல் முதுகலை மாணவர்கள் சிலர் எடுத்துப் புதிதாகத் தொடங்கினார்கள், சில வருடங்களிலேயே அது உலகம் முழுக்கத் தெரிந்த இலக்கிய இதழாகவும் தனிப் பதிப்பகமாகவும் வளர்ந்துவிட்டது. கல்லூரியை விட்டு வெளியேறி வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம். ஆற்றுப் பெயர் வைத்த மாணவர் இதழ் என்பதே எனக்கு அதன் மேல் தனிப் பிரியத்தைக் கொடுத்தது. எங்களுக்கும் ஓர் ஆறு இருக்கிறது, வருடத்தில் பல மாதம் மணல்தான் என்றாலும்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. பணம் கொடுக்கிற கை கழுத்தையும் பிடிக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 'சிகாகோ ரிவ்யூ' 1958-இல் நாவலாசிரியர் வில்லியம் பரோஸின் எழுத்தை வெளியிட்டது. ஒரு செய்தித்தாளில் பத்தி எழுதுபவர் 'ஆபாசம்' என்று எழுதினார். நிர்வாகம் பயந்து அடுத்த இதழைத் தடுத்துவிட்டது. ஆசிரியர் குழுவில் பெரும்பாலானோர் விலகிப்போய், தடுக்கப்பட்ட எழுத்துகளை வைத்து 1959-இல் 'பிக் டேபிள்' என்று தனி இதழே கொண்டுவந்தார்கள். தடை ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம். 1988-இல் தொடங்கி நல்ல பெயரோடு வந்துகொண்டிருந்த 'கெட்டிஸ்பர்க் ரிவ்யூ'வை மூடுவதாக 2023-இல் அந்தக் கல்லூரி அறிவித்தது. முப்பத்தைந்து வருடம். அந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் எனக்கு மனசே ஓடவில்லை.

சரி, நம் பக்கம் வருவோம்.

தமிழில் நவீன இலக்கியம் வளர்ந்ததெல்லாம் கல்லூரிச் சுவருக்கு வெளியில்தான். 1933-இல் 'மணிக்கொடி', 1959-இல் 'எழுத்து', அப்புறம் எழுபதுகளில் வந்த அத்தனை சிற்றிதழ்களும் தனி மனிதர்களின் சொந்தப் பணத்தில், வீட்டுத் திண்ணையில், நண்பனின் அச்சகத்தில் கடன் சொல்லி வந்தவை. சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழை 119 எண்கள் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி வரும்: வெயிலில் மூட்டையோடு அவர் கல்லூரி வாசலில் நிற்கிறார், உள்ளே மின்விசிறிக்குக் கீழே தமிழ்த் துறை உட்கார்ந்திருக்கிறது. அந்த மூட்டையை உள்ளே வாங்கி வைத்து, "ஐயா, இனி இந்த இதழை நாங்களும் சேர்ந்து நடத்துகிறோம்" என்று ஒரு கல்லூரி சொல்லியிருந்தால்?

உள்ளே இருந்தவர்களுக்கு இலக்கியம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மு.வ. இந்த மண்ணின் பிள்ளை, திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர், பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர், பிறகு மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர். அவ்வளவு பெரிய பல்கலைக்கழக மனிதர் தன் நாவல்களை எப்படிக் கொண்டுவந்தார்? 'தாயக வெளியீடு' என்று தானே பதிப்பித்து, பாரி நிலையம் மூலம் விற்றார். பாடநூலுக்கும் ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகத்தில் வழி இருந்தது, கதைக்கு இல்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியர். 1971-இல் கோவையிலிருந்து வந்த 'வானம்பாடி' கவிதை இதழைச் சுற்றி இருந்த கவிஞர்களில் பலர் கல்லூரி ஆசிரியர்கள். ஆக ஆள் உள்ளே இருந்தார்கள், இதழ் வெளியே இருந்தது. சம்பளம் வாங்குவது ஓர் இடத்தில், மனசு வேறோர் இடத்தில்.

பக்கத்து மாநிலத்தில் இப்படி இல்லை. பெங்களூர் சென்ட்ரல் காலேஜின் கர்நாடக சங்கம் நூறு வருடத்துக்கு முன்பே 'பிரபுத்த கர்நாடக' என்று ஓர் இதழ் தொடங்கியது, பின்னால் மைசூர்ப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. கன்னடத்தில் நவீன உரைநடையும் கவிதையும் எழுந்து நிற்க அந்த இதழ் தோள் கொடுத்தது. கடல் தாண்டினால் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்', ஈழத்து எழுத்தின் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. தமிழில் நடக்காது என்றில்லை. இங்கே நடக்கவில்லை.

இன்றைய நிலைமை இன்னும் மோசம் என்பேன். கல்லூரியில் 'இதழ்' என்று சொன்னால் இப்போது ஆய்விதழ் என்றுதான் அர்த்தம். இதழ்களுக்குக் கொடுக்கும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதா, பதவி உயர்வுக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும், இதுதான் பேச்சு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இல் அங்கீகரித்த ஆய்விதழ்களுக்கு 'கேர்' பட்டியல் என்று அறிவித்ததும் பிள்ளைகள் கடன் வாங்கிப் பணம் கட்டிக் கட்டுரை போட்டார்கள். 2025-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பதவி உயர்வுக் கணக்கில் ஒரு நல்ல சிறுகதையை எழுதவைத்ததற்கு எந்தக் கட்டமும் கிடையாது. ஓர் இளைஞனின் கதையை நான்கு முறை திருத்தி எழுதவைத்த ஆசிரியர் அந்தப் படிவத்தில் எந்த இடத்திலும் வரமாட்டார்.

அந்தப் பக்கம் பதிப்புத் துறையோ தலைகீழாக மாறிவிட்டது. முன்பு ஒரு புத்தகம் போடுவதென்றால் ஆயிரம் பிரதி, அதற்கான காகிதம், பைண்டிங், குடோன். இன்று ஐம்பது பிரதிகூட அச்சடித்துக்கொள்ளலாம். இது எவ்வளவோ பேருக்கு நல்லது, குறை சொல்லமாட்டேன். ஆனால் இதனால் என்ன ஆகிறதென்றால், ஒருவருடைய முதல் புத்தகம் அவருடைய முதல் வாசகருக்கு முன்பே வந்துவிடுகிறது. என்னிடம் வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளாவது அட்டை போட்ட கவிதைத் தொகுப்போடு வருகிறார்கள், "சார், படிச்சுட்டுச் சொல்லுங்க" என்கிறார்கள். படித்துவிட்டு எதைச் சொல்ல? அச்சாகிவிட்டதே. பென்சில் எடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டதே. அந்தப் பென்சிலுக்கான இடம்தான் பல்கலைக்கழக இதழ். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நாங்கள் ஓர் இதழ் தொடங்கியதற்கு ஒரு வங்காளிதான் காரணம். வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், சி.எம்.சி. மருத்துவமனை எதிரில் பாபு ராவ் தெருப் பக்கம் போனால் பலகைகள் பாதி வங்காளத்தில் இருக்கும். 2018-இல் அங்கே ஒரு டீக்கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செங்கல் கனத்துக்கு ஒரு பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். துர்கா பூஜைச் சிறப்பிதழாம். பேச்சுக் கொடுத்தேன். வங்கத்தில் ஒரு சிறு நகரத்துக் கல்லூரியில் ஆசிரியர், மனைவிக்கு அறுவைச் சிகிச்சை, மூன்று வாரமாக லாட்ஜில் இருக்கிறார். நானும் ஆசிரியர் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. அவர்கள் கல்லூரியிலிருந்து மட்டும் மூன்று சிற்றிதழ்கள் வருகின்றனவாம். கல்கத்தாவில் ஒருவர் 1978-இல் தன் வீட்டிலேயே சிற்றிதழ்களுக்கென்று ஒரு நூலகம் வைத்தாரே, சந்தீப் தத்தா, அங்கே அவர்கள் இதழும் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "உங்கள் கல்லூரி இதழ் ஒன்று கொண்டுவந்து காட்ட முடியுமா? மொழி தெரியாது, இருந்தாலும் பார்க்க ஆசை."

என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. ஆண்டு மலரைக் கொண்டுபோய்க் காட்ட மனம் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் அந்தப் பக்கம் ஒரு வாரம் போகவில்லை. போனபோது அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் தொடங்கினோம். நான் இப்போது வேலை பார்க்கிற கல்லூரியில், ஆறு ஆசிரியர்கள், பதினைந்து மாணவர்கள். நான்கு ஃபாரம், 64 பக்கம், டெமி அளவு, உள்ளே மேப்லித்தோ தாள், ஒரே வண்ணத்தில் அட்டை, 300 பிரதி. பதினைந்தாயிரம் ரூபாய் ஆகும். பாதியைக் கல்லூரி கொடுக்கிறது, மீதியை ஆறு பேரும் போட்டுக்கொள்கிறோம். பல சிற்றிதழ்களைப் போல 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறோம். விதிகள் கொஞ்சம்தான்: எங்கிருந்து வந்தாலும் வாங்குவோம், எந்தப் படைப்பையும் குறைந்தது மூன்று மாணவர்கள் படிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், அந்தப் பதிலில் படைப்பிலிருந்து ஒரு வரியாவது சுட்டிக்காட்டிப் பேசியிருக்க வேண்டும். வாழ்த்துரை கிடையாது. போட்டோ கிடையவே கிடையாது.

முதல் இதழை அச்சுக்கு வாங்கிய அச்சகக்காரர், லாங்கு பஜார் பக்கம் நாற்பது வருடமாகத் தொழில் செய்கிறவர், பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பிரின்ஸ்பால் படம் ஒண்ணுகூட இல்ல?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இது புஸ்தகம் சார்" என்றார். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

கொரோனாவில் இரண்டு வருடம் நின்றது. மறுபடி ஆரம்பித்து இதுவரை ஒன்பது இதழ்கள். பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' அல்லது 'சுமார்' என்று எழுதுவார்கள். நாலைந்து மாதம் போனால், "இரண்டாம் பக்கத்தில் அப்பா ஏன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்று தெரியவில்லை, ஆனால் அது பிடித்திருக்கிறது" என்று எழுதுகிறார்கள். இப்படி எழுதுகிற பிள்ளை நாளைக்கு ஒரு பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதி படிக்கப் போனால் அந்தப் பதிப்பகத்துக்கு யோகம். ஒருத்தி போயும் இருக்கிறாள், சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறாள். எழுத்தாளர்களை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆசிரியர்களையும் இந்த மேசைதான் உண்டாக்குகிறது என்பதை அவள் போன பிறகுதான் உணர்ந்தேன்.

ஒன்பதாவது இதழுக்கு வந்த ஒரு கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பெண், எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். கதையும் அதுதான்: ஒரு ராத்திரி, அம்மா மடியில் முறம், ஈரத்துணியில் சுற்றிய இலை, மகள் தகர அளவை இலை மேல் வைத்துக் கத்திரித்துக் கொடுக்கிறாள். காலையில் கொண்டுபோய்ப் போட வேண்டிய ஆயிரத்துக்கு இன்னும் எட்டுக் கட்டு குறைகிறது, கரண்ட் போய்விடுகிறது. இருட்டில் இரண்டு பேரும் கைப்பழக்கத்தில் சுற்றுகிறார்கள். காலையில் வாங்குகிற இடத்தில் ஆள் கட்டைப் பிரித்து அழுத்திப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுகிறார். இருட்டில் சுற்றியதில் ஒன்றுகூடக் கழியவில்லை. வெளிச்சத்தில் சுற்றியதில் மூன்று கழிந்தது.

இதைப் படித்துவிட்டு எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பார்த்தால் கீழே இன்னொரு பத்தி. உழைப்பே உயர்வு தரும், பெண் கல்வியே நாட்டின் கண் என்று ஏழெட்டு வரி. படித்த மூன்று பேரும் ஒரே குரலில், கடைசிப் பத்தியை வெட்டிவிடலாம் சார் என்றார்கள். சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எனக்குக் கை எழவில்லை. 1996-ஐப் பற்றி அதுவரை அவர்களிடம் நான் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருந்தார்கள். பிறகு அதில் ஒரு பையன் சொன்னான், "அப்ப நாம வெட்ட வேணாம் சார், அவங்களையே கூப்பிட்டுப் பேசலாம்."

மறுநாள் மதியம் வந்தாள். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் நேராக வந்து நின்றாள். மாணவர்கள்தான் பேசினார்கள், நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இருட்டில் சுற்றுகிற இடத்தை ஒருத்தி வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அந்த மூன்று கழிகிற வரிக்கு வந்ததும் நிறுத்தி, "இதுக்கு மேல எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்கல அக்கா" என்றாள். வந்தவள் தாளை வாங்கிப் பார்த்தாள். தன் கதையை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள்.

"கடைசிப் பத்தி எனக்கும் புடிக்கல சார்" என்றாள் என் பக்கம் திரும்பி. "ஸ்கூல் மலருக்குக் கொடுத்தப்போ கடைசியில கருத்து இல்லன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதான் சேர்த்தேன்."

பென்சிலைக் கேட்டு வாங்கி அவளே குறுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, 'மூன்று கழிந்தது' என்பதில் மூன்றை அடித்து இரண்டு என்று திருத்தினாள். ஏன் என்று கேட்டோம். "உண்மையில ரெண்டுதான் சார். கதைக்காக மூணுன்னு போட்டேன்."

போன வாரம் அச்சகத்திலிருந்து போன் வந்தது. 41-ஆம் பக்கத்தில் கதை மேலேயே முடிந்து அரைப் பக்கம் காலியாக இருக்கிறதாம், எதுனா படம் போட்டுடலாமா சார் என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, அது அப்படியே காலியாக இருக்கட்டும் என்றேன்.